சேலத்துக்கு மேலே ஜன்னல் சீட் எந்தப் பக்கம்?

பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரத்துக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிற ஊர் இது. ரயிலென்றால் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்று பாட்டிமார்கள்கூடத் துல்லியமாகச் சொல்லுவார்கள். ஆனால் விமானம் என்று வந்தவுடன் "ஏதாவது ஜன்னல் கிடைத்தால் போதும்" என்று விட்டுவிடுகிறோம். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து ஏறி, போகிற வழி முழுக்க வெள்ளை இறக்கையையே பார்த்துக்கொண்டு இறங்குபவர்கள் எத்தனை பேர்!

சேலம், நாமக்கல் சமவெளிக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பொருத்தமானது. நடுவில் தட்டையான மண், சுற்றிலும் சேர்வராயன், கல்வராயன், போதமலை, கொல்லிமலை, மேற்கே காவிரி, அதற்கும் அப்பால் பாலமலை. ஒரு பெரிய தாம்பாளத்தின் விளிம்பில் மலைகளை நிறுத்தி வைத்தது மாதிரி. தாம்பாளத்தை மேலிருந்துதானே பார்க்கவேண்டும்? இந்த மண்ணை மேலிருந்து பார்க்கும் ஆசைக்கு விமானத்தைவிட வயது அதிகம். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

ஜன்னல் இல்லாத காலம்

நாமக்கல் ஊருக்கு நடுவில் இருக்கும் ஒற்றைப் பாறையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். உயரம் ஏறக்குறைய 200 அடிதான். பாறையின் இரண்டு பக்கமும் குடைவரைக் கோயில்கள் (ஒன்றில் நரசிம்மர், இன்னொன்றில் ரங்கநாதர்), தலையில் ஒரு கோட்டை. பாறைக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்றால், அதன் மேலே நின்றால் தெரிகிற தூரத்துக்காக. ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வந்துவிடும். நாமக்கல் பாறைக்கு 65 மீட்டர் என்று வைத்தால் சுமார் 29 கிலோமீட்டர். குதிரைப்படை ஒன்று கிளம்பி வந்தால் அரைநாள் முன்னாலேயே புழுதி தெரிந்துவிடும். கோட்டை கட்ட இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? 1768இல் ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள், அதே வருஷம் ஹைதர் அலி திரும்பப் பிடித்தார்.

சங்ககிரி இன்னும் பெரிய உயரம். அடிவாரத்திலிருந்து உச்சி வரை மதில் மேல் மதிலாக ஏறும் கோட்டை. 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான். சமவெளி முழுவதற்கும் தெரிகிற இடத்தில் இருந்தது கோட்டை, அதனால் தண்டனையும் அங்கேயே. ஊரைப் பார்ப்பதற்குக் கட்டிய உயரம், ஊர் பார்ப்பதற்கும் பயன்பட்டது.

1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்குப் போயின. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரும் அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோவும் வந்து, 1799 வரை வயல் வயலாக அளந்து வரி போட்டார்கள். அவர்கள் பார்த்தது கீழேயிருந்து, சங்கிலி பிடித்து. மேலேயிருந்து பார்த்து அளந்தவர் அடுத்து வந்தார். வில்லியம் லாம்டன்.

லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளக்க ஆரம்பித்தார். பிற்பாடு இமயமலை வரை போன அந்த மகா அளவைக் கோடு 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டியே போகிறது. சேலத்துக்கு மேற்கே ஓமலூர் பக்கமாகத்தான் அந்த 78 டிகிரி ரேகை. முக்கோண அளவைக்கு உயரமான இடத்திலிருந்து இன்னொரு உயரமான இடம் தெரியவேண்டும். மலை இருக்கிற நம்ம பக்கம் அதற்குக் கவலையில்லை. தஞ்சாவூர் சமவெளிக்குப் போனதும் மலை இல்லாமல் கோயில் விமானத்தின் மேல் கருவியை ஏற்ற வேண்டியதாயிற்று. 1808இல் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியது. கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதை நிமிர்த்தினாராம் மனிதர்! "விமானத்தில்" ஏறிப் பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் அப்போதே இருந்தது என்று ஜோக்காகச் சொல்லிக்கொள்ளலாம்.

நிஜ விமானம்

சென்னைக்கு விமானம் வந்தது 1910இல். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர் சிம்சன் கம்பெனியின் உதவியோடு தானே ஒன்றைச் செய்து, பல்லாவரத்தில் சோதித்துவிட்டு, தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குப் பறந்து காட்டினார். ஒழுங்கான சேவை என்றால் 1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டிவந்த தபால் விமானத்தை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட். அது ஒற்றை எஞ்சின் புஸ் மாத். யாராவது பயணி வந்தால் தபால் மூட்டைகளோடு மூட்டையாக உட்காரவேண்டியதுதான். இடதா வலதா என்ற பேச்சுக்கே இடமில்லை!

அந்தப் பாதை பெல்லாரியோடு வடக்கே போய்விட்டது. சேலம் அதில் இல்லை. அதற்கப்புறமும் ரொம்ப நாள் சேலத்துக்காரர்கள் விமானத்தை அண்ணாந்துதான் பார்த்தார்கள்.

இங்கே ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. விமான ஜன்னல் ஏன் முட்டை மாதிரி மூலை மழுங்கி இருக்கிறது தெரியுமா? முதல் ஜெட் பயணி விமானமான காமெட்டுக்கு ஏறக்குறையச் சதுரமான ஜன்னல்கள். 1953 மே மாதம் ஒன்று கல்கத்தாவிலிருந்து கிளம்பிய சில நிமிஷத்தில் உடைந்து விழுந்து 43 பேர் இறந்தார்கள். புயல்காற்று என்று முடிவு கட்டினார்கள். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலிக் கடலில் இன்னும் இரண்டு விழுந்தன. அதன்பிறகு இங்கிலாந்தில் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிப் பார்த்ததில், வெட்டின மூலையிலிருந்து தகடு கிழிந்தது. ஒவ்வொரு தடவை மேலே ஏறி இறங்கும்போதும் மூலையில் கொஞ்சம் கொஞ்சமாக உலோகம் சோர்ந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து ஜன்னல் மூலைகளுக்கு வளைவு. காமலாபுரத்தில் இறங்கும் விமானத்தின் ஜன்னலுக்கும் அந்த வளைவு உண்டு.

காமலாபுரம்

ஆமாம், சேலம் விமான நிலையம் சேலத்தில் இல்லை. ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, ஓமலூருக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கிறது. சுமார் 136 ஏக்கர். ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர். 1993இல் திறந்தார்கள். என்.இ.பி.சி. என்ற தனியார் கம்பெனி கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது. அப்புறம் பதினைந்து வருஷம் போல ஒன்றும் இல்லை. ஓடுபாதை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னையிலிருந்து வந்தது. 2011இல் அந்தக் கம்பெனியே தள்ளாட ஆரம்பித்ததும் சேலத்துச் சேவையும் நின்றது. பிறகு மத்திய அரசின் உடான் திட்டம். ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பாதி சீட்டுகளை 2,500 ரூபாய்க்குள் விற்கவேண்டும், நஷ்டத்தை அரசு ஈடுகட்டும் என்பது அதன் சாரம். 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட்டின் சென்னை - சேலம் விமானத்தை அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ இரண்டும் வந்தன, சென்னையோடு பெங்களூர், கொச்சி, ஹைதராபாத் என்று ஊர்களும் கூடின. வருவதும் போவதுமாக இப்படியொரு விமான நிலையம்! மற்ற ஊர்க்காரர்கள் "எப்போது விமானம்?" என்று நேரம் கேட்பார்கள், சேலத்துக்காரர்கள் வருஷம் கேட்பார்கள்.

இதில் யாரும் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. என்.இ.பி.சி. முக்கியமாக வைத்திருந்தது போக்கர் எஃப் 27. கிங்ஃபிஷர், ட்ரூஜெட், அலையன்ஸ் ஏர், இண்டிகோ நான்கும் சேலத்துக்குக் கொண்டுவந்தது ஏ.டி.ஆர். 72. போக்கருக்கும் ஏ.டி.ஆருக்கும் ஒரு ஒற்றுமை, இரண்டுக்குமே இறக்கை உடம்பின் முதுகில் இருக்கும், வயிற்றில் இருக்காது. ஏர்பஸ், போயிங் எல்லாம் வயிற்று இறக்கை. அதில் நடுவரிசையில் மாட்டினால் கீழே பூமி என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஏ.டி.ஆரில் எந்த ஜன்னலிலும் தரை தெரியும். 1,806 மீட்டர் ஓடுபாதையில் பெரிய ஜெட்டுகளுக்குச் சிரமம், அதனால் புரொப்பெல்லர் விமானம் மட்டும் வருகிறது. ஓடுபாதை குட்டையாக இருப்பதால் காட்சி நன்றாக இருக்கிறது!

ஏ.டி.ஆரில் பார்க்கவேண்டியது எஞ்சினைத்தான். இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சின் நடுவரிசைகளுக்கு வெளியே மேல்பாதியை மறைக்கும், அதற்கு முன்னால் புரொப்பெல்லர் சுழலும், சத்தமும் அங்கேதான் அதிகம். (சக்கரம் வயிற்றிலிருந்து விரிந்து இறங்குவதைப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் மட்டும் நடுவில் உட்காரலாம்.) மலையைப் பார்க்கப் பின்வரிசைதான் சரி. ஏறும் கதவும் பின்னால்தான் இருக்கிறது, ஏறியவுடன் உட்கார்ந்துவிடலாம். கடைசி ஆறு வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடமா, வலமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். விமானம் போகும் வழியைத் தீர்மானிப்பது கட்டுப்பாட்டு அறையும் அன்றைய காற்றும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடு போட்டால் ஓரளவுக்குக் கணக்கு வரும்.

சென்னையிலிருந்து சேலத்துக்குக் கோடு போட்டால் அது தென்மேற்கே சாய்ந்து, காஞ்சிபுரத்துக்குச் சற்றே தெற்கில் போகும். அதன் பிறகு இடது பக்கத்துக்குத்தான் யோகம். வந்தவாசி இடது பக்கம். இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் தலையெழுத்தை மாற்றிய 1760 சண்டை நடந்த ஊர், மேலிருந்து பார்த்தால் ஏரிகளும் நெல்வயலும்தான். கொஞ்சம் தள்ளி செஞ்சியின் பாறைக் குன்றுகள். பிறகு, தன்னந்தனியாக நிற்கும் அண்ணாமலை. கோட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் என்பதால் தெளிவான நாளில் மலையையும் அதன் கிழக்கு அடியில் கோயில் சதுரத்தையும் பிரித்துப் பார்க்கலாம். அடுத்து தென்பெண்ணையின் சாத்தனூர் அணை ஏறக்குறையக் காலடியில், அதற்கு அப்பால் கல்வராயன். வலது பக்கம் ஜவ்வாது மலை மட்டும்தான், அதுவும் ஒன்றும் மோசமில்லை, ஆனால் இடதோடு போட்டி போட முடியாது. கடைசியில் சேர்வராயனின் வட விளிம்பைத் தாண்டி இறங்கும்போதும் மலை பெரும்பாலும் இடப்பக்கம்.

ஒரு சிக்கல் உண்டு. காலை நேரத்தில் இதே இடது பக்கம்தான் சூரியன். வெளிச்சத்துக்கு எதிராகப் பார்ப்பதால் மலைகள் நீல நிழலாகத் தெரியும், போட்டோ சரியாக வராது. பார்க்க மட்டும் போதும் என்றால் இடம், போட்டோவும் வேண்டும் என்றால் காலையில் வலம். திரும்பிச் சென்னைக்குப் போகும்போது எல்லாம் தலைகீழ்.

கொச்சிப் பாதை இன்னும் அழகு. சேலத்திலிருந்து கொச்சிக்குக் கோடு போட்டால் எடப்பாடியை ஒட்டிப் போய், பவானி கூடுதுறைக்கு மேலாகப் போகிறது. காவிரியும் பவானியும் சேருகிற இடத்தை மேலிருந்து பார்ப்பது சும்மா இல்லை. வலது பக்கம் மேட்டூர் நீர்ப்பரப்பு, பிறகு தூரத்தில் நீலகிரி. இடது பக்கம் சங்ககிரி, திருச்செங்கோடு இரண்டு குன்றுகளும், பொள்ளாச்சி தாண்டினால் ஆனைமலையும். முதல் பாதிக்கு வலம், இரண்டாம் பாதிக்கு இடம். இதற்கெல்லாம் தீர்வு கிடையாது, பக்கத்துச் சீட்டுக்காரர் நல்லவராக இருக்க வேண்டிக்கொள்ளவேண்டியதுதான். பெங்களூர் போகிறவர்கள் ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிப் பள்ளத்தாக்கைப் பார்க்க இடது பக்கம் உட்காரவேண்டும்.

நாமக்கல்லுக்கு விமான நிலையமே இல்லை. அதை மேலிருந்து பார்க்க வேண்டுமென்றால் கடந்து போகிற விமானத்தில்தான் முடியும். சென்னை - கோவை கோடு ஏறக்குறைய சேலத்துக்கு மேலேயே போகிறது. கோவைக்குப் போகும்போது இடது பக்கம், அதாவது 'ஏ' சீட்டில் உட்கார்ந்தால் போதமலை, கொல்லிமலை, நாமக்கல் சமவெளி எல்லாம் தெற்கே விரியும். 'எஃப்' சீட்டில் சேர்வராயனும் மேட்டூரும். இந்தப் பாதையில் ஜெட்டுகள் ஓடுவதால் வயிற்று இறக்கைப் பிரச்னை வந்துவிடும். ஏர்பஸ் 320இல் ஏறக்குறைய 10இலிருந்து 20 வரையான வரிசைகளைத் தவிர்க்கவும். இறக்கைக்குப் பின்னால் போனால் எஞ்சின் சூடு காற்றில் அலையடித்துக் காட்சி கலங்கும், ஆகவே முன்பக்கம்தான் நல்லது. பெங்களூரிலிருந்து மதுரை போகும் கோடு நாமக்கல்லுக்கு 25 கிலோமீட்டர் மேற்கே போகிறது. தெற்கே போகும்போது இடது பக்கம்.

கீழே தெரிவது என்ன?

எந்தச் சீட்டு என்று மட்டும் தெரிந்து, கீழே இருப்பது என்ன என்று தெரியாவிட்டால் பச்சை, பழுப்பு, பச்சை என்றுதான் பார்த்துவிட்டு வரவேண்டும். சில அடையாளங்கள்.

சேலம் நகருக்கும் சேர்வராயனுக்கும் நடுவில் சுண்ணாம்பைக் கொட்டியது மாதிரி வெள்ளைத் தழும்பு ஒன்று தெரியும். வெள்ளைக்காரர்கள் முதலில் பார்த்துவிட்டுச் சாக்பீஸ் மலை என்ற அர்த்தத்தில் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அது சாக் இல்லை, மேக்னசைட். உலைக்களத்தின் உள்சுவருக்கான, சூடு தாங்கும் செங்கல் செய்யும் கல். நூறு வருஷத்துக்கு மேல் தோண்டியதில் குன்று கரைந்து பள்ளமும் கழிவு மேடுமாக ஆகிவிட்டது. பக்கத்து ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்றுதான் பெயர்.

நகரத்துக்குத் தென்மேற்கில் தனியாக நீண்டு கிடப்பது கஞ்சமலை. முழுக்க இரும்புத் தாது. 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்தபோது தாது இங்கிருந்துதான் போயிற்று. மலைக்குப் பக்கத்தில் பெரிய பெரிய கூரைகளாகத் தெரிவது சேலம் உருக்காலை. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை இரும்பைக் காட்டிக் கேட்டு வாங்கிய ஆலை, கடைசியில் கஞ்சமலையைத் தொடாமல் வெளியிலிருந்து வந்த உலோகத்தை உருட்டித் துருப்பிடிக்காத எஃகு செய்தது. மலை பிழைத்தது. சேர்வராயனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அதன் உச்சியிலும் கொல்லிமலை உச்சியிலும் பாக்சைட் வெட்டினார்கள். 2008 வாக்கில் நின்றது. ஏற்காடு பஸ்ஸில் போனால் உச்சியில் வெட்டிய இடம் மரங்களுக்குப் பின்னால் போய்விடும். ஜன்னல் சீட்டுக்கு அந்த மறைப்பெல்லாம் கிடையாது.

மேட்டூர். 1925இல் ஆரம்பித்து 1934இல் முடித்த அணை. நீளம் 5,300 அடி, நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அப்போதைய கவர்னர் ஸ்டான்லி பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். வருஷா வருஷம் பேப்பரில் வரும் ஒரு படம் ஞாபகமிருக்கும். தண்ணீர் குறைந்ததும் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைநீட்டும், பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் தெரியும். பத்தாயிரம் அடியிலிருந்து நந்தி தெரியாது. ஆனால் தண்ணீர் இறங்கிய வருஷங்களில் கரையைச் சுற்றி மரத்தின் வளையங்கள் போல வெளிறிய பட்டைகள் தெரியும், அந்தப் பட்டைக்குள்தான் பழைய ஊர்கள். அணை கட்டும்போது எழுந்து போகச் சொன்ன ஊர்கள் அவை. கோயிலில் சாமியை எடுத்துக்கொண்டு நந்தியை விட்டுவிட்டுப் போனார்கள்.

வெள்ளைவெளேர் என்று சதுரம் சதுரமாகத் தெரிந்தால் ஜவ்வரிசி ஆலையின் காயப்போடும் களம். ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கம் நிறைய. மரவள்ளி மாவு காய்கிற நாளில் கண்ணே கூசும். நீளம் நீளமாக, ஒன்றுக்கொன்று இணையாகக் கூரைகள் தெரிந்தால் அது நாமக்கல் கோழிப்பண்ணை. இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. வெயில் உள்ளே அடிக்காமலிருக்கக் கோழிக் கொட்டகையின் நீளவாட்டத்தைக் கிழக்கு மேற்காக வைத்துக் கட்டுவதுதான் முறை. ஆகவே நாமக்கல்லுக்கு மேலே பறக்கும்போது திசை தெரியவில்லையென்றால் கோழிக் கொட்டகையைப் பார்த்தால் போதும், ஊர் முழுக்கத் திசைகாட்டி முள்ளாகக் கிடக்கும்! (நாமக்கல் ஆஞ்சநேயருக்கு மேலே கூரை இல்லை, வானம் பார்த்தே நிற்கிறார். அவர் பார்வைக்கு விமானம் தெரியும், விமானத்துக்கு அவர் தெரியமாட்டார்.)

போட்டோ எடுக்கலாமா?

ரொம்ப நாள் கூடாது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1937ஆம் வருஷத்து விமான விதிகளில் 13ஆம் விதி, பறக்கும் விமானத்திலிருந்து அனுமதியில்லாமல் படம் எடுப்பதைத் தடுத்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பயம், சுதந்திரத்துக்கு அப்புறமும் தொடர்ந்தது. பிறகு பயணிகள் சாதாரணமாகப் படம் எடுப்பதை 2004 வாக்கில் தளர்த்தினார்கள். 2020இல் விதி இன்னும் இருக்கிறது என்று டி.ஜி.சி.ஏ. ஞாபகப்படுத்தியபோதும் பயணிகளின் சாதாரணப் படங்களுக்குத் தடையில்லை என்றே விளக்கினார்கள். ராணுவ விமானத்தளங்களில் மட்டும் கண்டிப்பு. லாம்டன் தியோடலைட்டை ஏற்றும்போது கோயில்காரர்களும் ஊர்க்காரர்களும் சந்தேகத்தோடு பார்த்தார்கள், பிறகு அரசாங்கம் பயணியின் கேமராவைச் சந்தேகத்தோடு பார்த்தது. உயரத்திலிருந்து பார்ப்பவனை யாரும் லேசில் நம்புவதில்லை.

அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. 2018இல் சேலம் விமான நிலையத்தை விரிவாக்க சுமார் 570 ஏக்கர் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி, பொட்டியபுரம், காமலாபுரம் நான்கு ஊர் விவசாயிகளும் போராட்டத்தில் இறங்கினார்கள். அதே வருஷம்தான் சேலம் - சென்னை எட்டு வழிச்சாலைக்கும் கல் நட்டார்கள், அதற்கும் எதிர்ப்பு. மேலிருந்து வரைபடம் பார்த்துக் கோடு போடுகிறவர்களுக்கு அது காலி இடம். கீழே அது கிணறு, தென்னை, மஞ்சள், மாட்டுக் கொட்டகை. விமான நிலையத்துக்கு நிலம் போய், பதினைந்து வருஷம் விமானம் வராமல் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள், "இன்னும் எதற்கு?" என்று கேட்டதை யாரும் தப்பு சொல்லமுடியாது. விமானம் வேண்டும் என்று கேட்ட சேலத்து வியாபாரிகள் பக்கமும் காரணம் உண்டு. ஏழு மணி நேர பஸ் பயணத்தை ஒரு மணி நேரமாக்கும் வசதியை யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் வசதி ஒருத்தருக்கு, நிலம் இன்னொருத்தருக்கு.

ஓடுபாதை நீண்டால் ஏர்பஸ் வரும். வயிற்று இறக்கை வரும், நடுவரிசை ஜன்னல்கள் குருடாகும். முதுகு இறக்கை விமானத்திலிருந்து சேர்வராயன் அடிவாரத்து வயல்களை இறங்கும் கடைசி நிமிஷம் வரை பார்க்க முடிகிறது. கிணற்று மேட்டில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஆள்கூடத் தெரிவார்.

போவதென்றால் மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி நல்லது. ஏரிகளில் தண்ணீர் இருக்கும், புழுதிமூட்டம் குறைவு. 17,000 அடி உயரத்தில் அதே வர்க்கமூலக் கணக்கைப் போட்டால் அடிவானம் 257 கிலோமீட்டர் வருகிறது. மார்ச் தாண்டிவிட்டால் அதில் கால்வாசிகூடத் தெரியாது, மூட்டம் மறைத்துவிடும். டிக்கெட் போடும்போதே பின்வரிசையில் இடது பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கிவிடுங்கள், காலை விமானமென்றால் கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.